முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்

கொரோனா அடங்கி ஊர் பழையபடி ஆன பிறகு வந்த ஒரு தை மாதம். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து தெற்கே மரக்காணம் வரை, கடலை ஒட்டியே நடந்து போவதாக நான்கு பெண்கள் மாதக்கணக்கில் திட்டம் போட்டோம். கடைசியில் மூன்று பேர் போனார்கள். போகாத நான்காவது ஆள் நான். அந்தத் திட்டத்தை உட்கார்ந்து போட்டதும் நான்தான்.

மயிலாப்பூரில் எனக்கு ஒரு சின்ன தையல் கடை இருக்கிறது. பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். நாங்கள் முஸ்லிம்கள். என் தாத்தாவின் அப்பா காலத்திலிருந்தே மயிலாப்பூர்தான் ஊர். வீட்டுக்குள் உருது, வாசல் தாண்டினால் தமிழ். நாள் முழுக்க மிஷினில் குனிந்து உட்கார்ந்து, நாற்பது தாண்டியதும் சர்க்கரை வந்துவிட்டது. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் தன் கடையைத் திறக்கப் போகும் முன் விடியற்காலையில் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் பெசன்ட் நகரில் விடுவார். அப்படித்தான் அந்த மூன்று பேரும் பழக்கமானார்கள்.

ஒருவர் அடையாறில் இருப்பவர். பேங்கில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை மேடம் என்போம். இன்னொருவர் அபிராமபுரத்திலிருந்து வரும் மாமி. என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர், ஆனாலும் எங்களுக்கு மாமிதான். மூன்றாவது, தி.நகரில் இருக்கும் ஐ.டி. கம்பெனிப் பெண். எங்களில் அவள்தான் சின்னவள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள்.

எங்கள் பேச்செல்லாம் மாமியார், பிள்ளைகள், சமையல் என்றுதான் இருக்கும். ஒருநாள் அந்தச் சின்னவள் ஒரு விஷயம் சொன்னாள். வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்கு நடைபாதைகள் இருக்கின்றனவாம். முழுசையும் ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கள், வருஷத்துக்கு ஒரு துண்டு என்று பிரித்து நடப்பார்களாம். போன வருஷம் விட்ட இடத்திலிருந்து இந்த வருஷம் ஆரம்பிப்பார்களாம்.

"நமக்குத்தான் இவ்ளோ பெரிய கடற்கரை இருக்கே. கன்னியாகுமரி வரைக்கும் துண்டு துண்டா நடந்தா என்ன?" என்று நான் சும்மா சொல்லி வைத்தேன். மேடம் நின்றுவிட்டார். "ஏன் நடக்கக் கூடாது?" என்றார். அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது.

முதல் துண்டு மரக்காணம் வரை, ஆறு நாள் நடை என்று முடிவானது. யார் திட்டம் போடுவது என்று பேச்சு வந்தபோது நானாக முன்வந்தேன். அளவெடுத்து, வெட்டி, பொருத்துவது என் தொழில். எனக்கு அது பிடித்திருந்தது. துணி வெட்டும் மேஜையில் பிரவுன் பேப்பரை விரித்து, கடற்கரையை வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரைக் கிளப்பி ஸ்கூட்டரில் ஈ.சி.ஆர். முழுக்கச் சுற்றினேன். முட்டுக்காட்டில் தண்ணீர் குறுக்கே வரும், பாலத்தில் ஏற வேண்டும். கல்பாக்கத்தில் கரையோரமாக விட மாட்டார்கள், ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். எங்கே டீக்கடை, எங்கே நிழல் என்றெல்லாம் பார்த்தேன். எல்லாவற்றையும்விட, எங்கே பெண்கள் போகக்கூடிய மாதிரி கழிப்பறை இருக்கிறது என்று பார்த்தேன். பெட்ரோல் பங்குகளில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். "இன்னாது இது, கக்கூஸ் டூரா?" என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

மூட்டை சுமந்து பழக வேண்டுமே என்று பையில் அரிசியும் தண்ணீர் பாட்டிலும் போட்டுக்கொண்டு மணலில் நடந்தோம். முதல் நாளே மாமி உட்கார்ந்துவிட்டார். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவ அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஊட்ல சண்டையா? மூட்ட முடிச்சோட கெளம்பினு கீறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் நடை பாதியில் நின்றுபோனது. மெல்ல மெல்லப் பாலவாக்கம் வரை போய்த் திரும்பும் அளவுக்குத் தேறினோம். என் சர்க்கரை இறங்கியது. அதைவிடப் பெரிய விஷயம், தையல் கடை, சமையலறை, சொந்தக்காரர் கல்யாணம் என்பதைத் தாண்டி எனக்கென்று நான்கு பேர் சேர்ந்த ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானாகத் தேடிக்கொண்ட சிநேகிதம் அது ஒன்றுதான்.

தங்கும் இடங்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். முதல் ராத்திரி ஈஞ்சம்பாக்கத்தில் என் கடைக்கு வரும் ஒரு டீச்சர் வீடு. இரண்டாவது கோவளத்தில் என் காலா மகள் வீடு. காலா என்றால் சித்தி. அவள் மகள் எனக்குத் தங்கை முறை, என்னை ஆபா, அதாவது அக்கா என்பாள். மூன்றாவது மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ். ஐந்தாவதுக்குக் கடப்பாக்கத்தில் ஒரு லாட்ஜ். பாலாறு தாண்டி நான்காவது ராத்திரிக்குத்தான் சரியான இடம் அமையவில்லை. மேடம், "அத என்கிட்ட விட்டுடு. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா பையனுக்கு அங்க தோட்ட வீடு இருக்கு" என்றார். எனக்கும் நிம்மதி.

மாமி வெளியில் எங்கேயும் சாப்பிடாதவர். கோவளத்தில் என்ன செய்வார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. என் தங்கையிடம் போனில் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீங்க கவலைப்படாதீங்க ஆபா. புதுப் பாத்திரம் வாங்கி வெச்சுடறேன். அந்த அம்மா வெங்காயம், பூண்டு சாப்பிடுவாங்களா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். நான் கேட்டேன். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "வெங்காயம் பரவால்லடி, பூண்டு மட்டும் வேண்டாம்னு சொல்லு" என்றார்.

மார்கழி பாதியில், எல்லாம் முடிந்து கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்றிருந்தபோது, மேடம் எங்களை அடையாறில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் நான் எல்லாருக்கும் தைத்த தொப்பிகளை எடுத்துக்கொண்டு போனேன். கழுத்தின் பின்பக்கம் வெயில் படாமல் துணி தொங்கும் தொப்பி. சின்னவள் உடனே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். மேடம் காபி கொடுத்தார். பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

தோட்ட வீட்டுக்காரர் போன் செய்தாராம். யார் யார் வருகிறார்கள், வாட்ச்மேனிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று பெயர்களைக் கேட்டாராம். மேடம் சொல்லியிருக்கிறார். என் பெயர் வந்ததும் அவர் தயங்கினாராம்.

"அவர் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. கிராமம் பாரு. அக்கம்பக்கத்துல ஏதாவது பேசுவாங்களோன்னு யோசிக்கறார். வீட்டுல அவங்க அம்மா பூஜை பண்ணின ரூம் வேற இருக்கு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "அதனால?" என்று கேட்டேன்.

"அந்த ஒரு ராத்திரி மட்டும் உன் வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல வந்து உன்னைக் கூட்டிட்டுப் போய் வேற எங்கயாவது தங்க வெச்சா, காலைல நீ எங்களோட சேர்ந்துக்கலாம். சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தானே."

நான் குரலை உயர்த்தவில்லை. பாலாறு தாண்டி ரோட்டோரமாக ஒரு லாட்ஜ் பார்த்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும், நான்கு பேரும் அங்கேயே தங்கிவிடலாமே என்றேன். மேடம் தலையை ஆட்டினார். "அங்கெல்லாம் பாத்ரூம் எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். அதோட, அவர் சமையலுக்கு ஆள் எல்லாம் சொல்லிட்டார். இப்ப வேண்டாம்னா மனசு வருத்தப்படுவார்."

யாருடைய மனசு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அப்போது சின்னவள், தொப்பியைக் கழற்றாமலேயே, ரொம்ப உற்சாகமாகச் சொன்னாள். "இதுக்குப் போய் ஏன் இவ்ளோ டென்ஷன்? ஒரு நாளைக்குப் பேரை மாத்திச் சொல்லிடலாம் ஆன்ட்டி. உங்களப் பார்த்தா தெரியவே தெரியாது!"

சொல்லிவிட்டு எனக்கு ஒரு பெயரும் வைத்தாள். மேடம் சிரித்தார். அவள் என்னைப் பாராட்டுவதாகத்தான் நினைத்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நான் கூனிக் குறுகிப் போனேன். தெரியாது என்றால், தெரிந்தால் என்ன? நான் எதை மறைத்துக்கொண்டு இத்தனை நாள் இவர்களோடு நடந்தேன்?

மாமியைப் பார்த்தேன். அவர் புடவைத் தலைப்பின் நூலைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் முழுக்க யாரும் போன் செய்யவில்லை. அதற்கு அடுத்த நாள் நானே எங்கள் குரூப்பில் போட்டேன். முட்டி வலி வந்துவிட்டது, டாக்டர் நடக்கக் கூடாது என்கிறார், நீங்கள் போய் வாருங்கள் என்று. ஒருவராவது போன் செய்து, அதெல்லாம் கிடையாது, நாலு பேரும் போவோம், இல்லையென்றால் யாருமே போக வேண்டாம் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, போனைக் கையில் வைத்துக்கொண்டே அன்று முழுக்கத் தைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேடத்திடமிருந்து பதில் வந்தது. அடடா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று. சின்னவள் அழுகிற பொம்மை ஒன்று போட்டாள். பிறகு மேடத்திடமிருந்து இன்னொரு செய்தி. "கோவளம் ஏற்பாடு அப்படியே இருக்கு இல்ல?"

அதைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. என்னை ஒரு வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள், அது அவர்களுக்குப் பரவாயில்லை. என் தங்கை வீட்டில் போய்த் தங்குவது மட்டும் அப்படியே இருக்க வேண்டும். இருக்கிறது என்று பதில் போட்டேன். கோபத்தில், அந்த ஏற்பாடு இல்லை என்று சொல்லியிருந்தால் என் தங்கைக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவளுக்கு இந்த அசிங்கம் தெரிய வேண்டாம் என்று தோன்றியது. அவள் ஏற்கெனவே பாத்திரம் வாங்கிவிட்டாள்.

வீட்டுக்காரரிடமும் முட்டி வலி என்றே சொன்னேன். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டே, "முட்டி வலின்ற, மொட்ட மாடிக்குத் துணி காயப்போட மட்டும் ஓடற. இன்னா நடந்துச்சு?" என்றார். சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். "நாம ரெண்டு பேரும் போலாமா? கடைய மூடிட்டு வர்றேன்" என்றார். வேண்டாம் என்றேன். நடையா எனக்கு முக்கியம்? யாரோடு நடக்க ஆசைப்பட்டேனோ அதுதான் போய்விட்டதே.

பொங்கல் முடிந்து அவர்கள் கிளம்பினார்கள். வழியனுப்ப நான் போகவில்லை. காலையிலேயே போட்டோ வந்தது. மூன்று பேரும் நான் தைத்த தொப்பியோடு கடலைப் பார்த்து நின்றார்கள். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் பிளவுஸில் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

மறுநாள் ராத்திரி தங்கை கோவளத்திலிருந்து போன் செய்தாள். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், அந்த மாமி மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை, தன் சமையல் பிடிக்கவில்லையோ என்று வருத்தப்பட்டாள். "உங்க முட்டிக்கு என்ன எண்ணெய் தடவறீங்க ஆபா?" என்று கேட்டாள். ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், கடையில் ஒரு பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன், மாமி வாசலில் நிற்கிறார். முதுகில் பை, கால் முழுக்க மணல். கோவளத்திலிருந்து பஸ் பிடித்து நேராக வந்திருக்கிறார். நான் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அளவை எடுத்து முடித்து, அந்தப் பெண் போன பிறகுதான் அவர் பக்கம் திரும்பினேன். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் தங்கை புதுத் தட்டு வெச்சுண்டு காத்துண்டிருந்தா. சாம்பார் பண்ணியிருந்தா, பூண்டு போடாம. எங்க அக்காவுக்கு முட்டி எப்படி இருக்குன்னு என்கிட்ட கேட்டா. என்னால முழுங்க முடியலடி. காலம்பற எழுந்து, நான் வரலேன்னு அவாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

கத்தரிக்கோலை எடுத்து வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"அன்னிக்கே நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார்.

"ஏன் தொறக்கல?"

அந்தக் கேள்வியை இவ்வளவு கடுமையாகக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை. மாமி பையைக் கழற்றிக் கீழே வைத்தார். "ஆத்துல எல்லாரோடயும் மல்லுக்கட்டிண்டுதான் இதுக்குக் கெளம்பினேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாள்கூட நான் தனியா எங்கயும் போனதில்ல. உனக்காகப் பேசினா, இந்தப் பயணமே இல்லாமப் போயிடுமோன்னு பயந்துட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

பொய் சொல்லவில்லை அவர். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. வீட்டைவிட்டு ஆறு நாள் வெளியே போக ஒரு பெண் எவ்வளவு போராட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தானே ஆசைப்பட்டேன். ஆனால் புரிந்ததால் வலி குறையவில்லை. "வந்ததுக்கு சந்தோஷம் மாமி" என்றேன். பரவாயில்லை என்று ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று தெரியும். அது பரவாயில்லை என்று சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லையே. பிறகு பையை மாட்டிக்கொண்டு நடந்து போனார்.

மற்ற இரண்டு பேரும் மரக்காணம் வரை போய்ச் சேர்ந்தார்கள். உப்பளத்தின் முன்னால் எடுத்த போட்டோ வந்தது. வந்த வாரமே மேடம் குரூப்பில் எழுதினார், எனக்குத்தான். "அடுத்த வருஷம் கடலூர் வரைக்கும் போறோம். முட்டியைச் சரி பண்ணிக்கோ. நீ போட்ட பிளான் பிரமாதம். பாண்டிச்சேரி தாண்டி எங்க தங்கலாம்னு இப்பவே பார்த்து வை."

அதில் கிண்டல் எதுவும் இல்லை. மனசாரத்தான் கேட்டார். நடந்தது அவருக்கு மறந்தே போயிருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட, ஏதோ நடந்தது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் பதில் எழுதினேன். எனக்கு முட்டி வலி வரவே இல்லை மேடம், என் பெயரைச் சொல்லித் தங்க முடியாத ஒரு வீட்டுக்கு நீங்கள் மூன்று பேரும் போகச் சம்மதித்ததால்தான் நான் வரவில்லை என்று. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. சாயங்காலம் மேடம் இரண்டு கை கூப்பிய பொம்மை போட்டார். அதைத் தவிர ஒரு சொல் இல்லை. நான் குரூப்பிலிருந்து வெளியே வந்தேன்.

இப்போது சாந்தோம் பக்கம் கடற்கரையில் தனியாக நடக்கிறேன். மாமி எப்போதாவது வருவார். சேர்ந்து நடப்போம், அதிகம் பேசுவதில்லை. அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், நல்ல நாளில் ஆமாம் என்பேன். கடல் பக்கம் பார்த்தபடி தெற்கே நடக்கும்போது சில நாள் கால் தானாக வேகமெடுக்கும். பிறகு நானே திரும்பிவிடுவேன்.

கடற்கரையில் புதிதாக யாராவது சிரித்துப் பேச வந்தால், எங்கே வீடு, எத்தனை பிள்ளைகள் என்று அவர்கள் ஆரம்பிக்கும் முன்பே நான் என் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக, நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். விலகிப் போகிறவர்கள் முதல் அடியிலேயே விலகிக்கொள்ளட்டும். பாதி வழி ஒன்றாக நடந்த பிறகு ஒருவரை இழப்பதற்கு எனக்கு இனித் தெம்பு இல்லை.